வலது பக்கம் ஒரு விளக்கு

மகள்: ...அதனால பிடிவாதம் பிடிக்காம இந்தக் கருவியைக் காதுல மாட்டிக்கோம்மா. பட்டாணி அளவுதான் இருக்கு. யாருக்கும் தெரியாது.

அம்மா: எனக்குத் தெரியுமே.

மகள்: மேடைக்குப் பின்னாடி ஒருத்தர் உட்கார்ந்து வசனத்தை வரி வரியா சொல்லுவார். உனக்கு மட்டும்தான் கேட்கும். இப்பல்லாம் பெரிய பெரிய ஆளுங்களே...

அம்மா: காதுல பட்டாணி போட்டுக்கிட்டவ டாக்டர்கிட்டதான் போகணும். மேடைக்கு எதுக்குப் போகணும்? அந்த பவுடர் டப்பாவை இப்படித் தள்ளு.

மகள்: கிண்டல் பண்ணாதே. நீ கடைசியா மேடை ஏறினப்போ நான் ஸ்கூல் படிச்சிட்டிருந்தேன். இந்தக் கட்டடத்தைப் பழுது பார்த்துத் திறக்கற முதல் நாள் இன்னைக்கு. பால்கனி வரைக்கும் ஆள். முதல் சீனே அந்தக் கதவு சீன். மேடையில நீ மட்டும்தான், எதிர்ல ஒரு பூட்டின கதவு. அவ்வளவு நீள வசனத்துல நடுவுல நின்னுட்டேன்னா?

அம்மா: நின்னா அடுத்த வரியை எடுத்துக் கொடுக்க ஆள் வர்றாரு.

மகள்: யாரு... விளக்கு மாமாவா?

அம்மா: வேற யாரு இருக்கா எனக்கு.

மகள்: அவருக்கு என்ன வயசு தெரியுமா?

அம்மா: கூடப் பிறக்கலைன்னாலும் எனக்கு அண்ணன். அப்போ என்னைவிடப் பெரியவராத்தான் இருப்பாரு.

மகள்: அம்மா... நேத்து நீ வீட்டுச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சுட்டு வீடு முழுக்கத் தேடினே.

அம்மா: சாவிக்கு யாராவது வசனம் எழுதிக் கொடுத்திருந்தா ஞாபகம் வெச்சிருப்பேன்.

மகள்: இந்த வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை. பத்திரிகைக்காரங்க உனக்கு வெச்ச பேர் என்ன? மறதி மகாராணி. பள்ளிக்கூடத்துல என்னை அப்படித்தான் கூப்பிடுவாங்க. மறதி மகாராணி பொண்ணு, வீட்டுப்பாடம் எழுதினியா, இல்லை மறந்துட்டியான்னு.

அம்மா: மகாராணின்னு சொன்னாங்கள்ல, அதை எடுத்துக்கோ.

மகள்: அந்தப் பேராலதானே அந்தப் பெரிய படம் உன் கையை விட்டுப் போச்சு. ஒரு முழு சீனையும் நிறுத்தாம ஒரே ஷாட்டுல எடுக்கணும், எடுத்துக் கொடுக்க ஆள் நிக்க இடம் இருக்காது, மறதிக்காரியை வெச்சு எடுக்க முடியாதுன்னுட்டாரு டைரக்டர். நடிச்சவளுக்கு விருது கிடைச்சுது. நீ அன்னைக்கு வீட்டுல உட்கார்ந்து வெங்காயம் உரிச்சிட்டிருந்தே.

அம்மா: வெங்காயம் நல்லா உரிப்பேன். கண்ணுல தண்ணியே வராது.

மகள்: அன்னைக்கு வந்துது. நான் பார்த்தேன்.

அம்மா: ...பழசைக் கிளறாதேடி. பவுடர் கரையுது.

மகள்: உன்மேல கோபம் இல்லைம்மா. இன்னைக்கு அந்தக் கூட்டத்துக்கு நடுவுல நீ வாயடைச்சு நின்னா என்னால தாங்க முடியாது. அவ்வளவுதான்.

அம்மா: கதவைத் தட்டறாங்க பாரு. அந்தத் தட்டு எனக்குத் தெரியும். வாங்கண்ணே, வாங்க.

மாமா: பாப்பா, மேக்கப் ஆரம்பிச்சாச்சா?

அம்மா: ஆரம்பிச்சாச்சு. சுவருக்கு வெள்ளை அடிச்சு முடிச்சாங்க, இப்போ எனக்கு அடிக்கறாங்க.

மகள்: மாமா, பார்த்து... நாற்காலி. இடிச்சுக்கப் போறீங்க.

மாமா: வெயில்லேர்ந்து உள்ளே வந்தேன்ல, கண்ணு கட்டிக்கிச்சு. நல்லா இருக்கியாம்மா?

மகள்: இருக்கேன் மாமா. பஸ்ஸிலயா வந்தீங்க? கார் அனுப்பறேன்னு சொன்னேனே.

மாமா: பஸ்ஸில வந்தாத்தான் நாலு பேர் பேச்சு காதுல விழும். முன் சீட்டுல ரெண்டு அம்மா உங்கம்மாவைப் பத்திதான் பேசிட்டு வந்தாங்க.

அம்மா: என்ன பேசினாங்க?

மாமா: இன்னும் உயிரோட இருக்காளான்னு ஒருத்தி கேட்டா.

அம்மா: இன்னொருத்தி?

மாமா: இருக்கா, இன்னைக்கு நடிக்கறாள்னா. டிக்கெட் கிடைக்கலைன்னு ரெண்டு பேருக்கும் வருத்தம்.

அம்மா: பார்த்தியாடி, எனக்கு இன்னும் கிராக்கி இருக்கு. அண்ணே, கையில என்ன... அதே கைவிளக்கா?

மாமா: அதேதான். பேட்டரி புதுசு. நான்தான் பழசு.

மகள்: இந்த விளக்கால வந்த பேர்தானே உங்களுக்கு. நான் சின்ன வயசுல வேகமா கூப்பிட்டு விளக்குமாத்துல கொண்டு போய் விடுவேன்.

மாமா: என்ன குறைஞ்சு போச்சு. நாடகக் கம்பெனியில அதுவும் செஞ்சிருக்கேன். நாடகம் முடிஞ்சா மேடையைக் கூட்டறது யாரு?

அம்மா: முதலாளிகிட்ட இந்த விளக்கால எவ்வளவு திட்டு வாங்கியிருப்பாரு தெரியுமா. சைடுலேர்ந்து வெளிச்சம் கசியுது, வசனப் புத்தகத்து மேல ஒழுங்கா பிடிக்கத் தெரியாதாடான்னு தினமும் கத்துவாரு.

மாமா: கை வலிக்குதுங்க, தானா சாஞ்சிடுதுன்னு சொல்லுவேன். அப்புறமும் சாயும்.

மகள்: அம்மாவோட முதல் நாள் கதையைச் சொல்லுங்க மாமா. அம்மா எப்பவும் பாதியில நிறுத்திடுவா.

மாமா: அதுல என்ன இருக்கு. உங்க தாத்தா கம்பெனிக்குத் துணி தைக்கறவரு. அன்னைக்கு வேலைக்காரி வேஷம் போடற பொண்ணுக்குக் காய்ச்சல். பாப்பாவைப் பிடிச்சு கையில தட்டைக் கொடுத்துத் தள்ளிட்டாங்க.

அம்மா: தட்டுல ஒரு கண்ணாடி கிளாஸ். எனக்கு ஒரே வரி.

மாமா: 'ஐயா, வாசல்ல யாரோ வந்திருக்காங்க.'

அம்மா: அந்த ஒரு வரியைத்தான் காலையிலேர்ந்து சொல்லிட்டே இருந்தேன். தலை வாரும்போதும் அதுதான், படி ஏறும்போதும் அதுதான். எங்கப்பா, போதும்டி, வாசல்ல யாரும் வரலைன்னாரு.

மாமா: மேடைக்கு வந்ததும் நாக்கு மேலே ஒட்டிக்கிச்சு. தட்டு நடுங்குது. கிளாஸ் டிங்டிங்குனு அடிக்குது. முன் வரிசையில சிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க.

அம்மா: அப்போ வலது பக்கம் திரும்பினேன்...

மாமா: நான் எடுத்துக் கொடுத்தேன்.

அம்மா: ஆமா... நீங்க எடுத்துக் கொடுத்தீங்க.

மாமா: சொல்லிட்டா. கை தட்டினாங்க.

அம்மா: வாசல்ல யாரோ வந்திருக்காங்கன்னு சொன்னதுக்குக் கை தட்டு வாங்கினவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

மகள்: அன்னைக்குத் திரும்பினவதான். அப்புறம் திரும்பிக்கிட்டேதான் இருந்தே.

அம்மா: முதல் படத்துலயும் அந்தப் பழக்கம் விடலையே. அண்ணனைக் கேமராவுக்கு வலது பக்கம் நிக்க வெச்சாத்தான் நடிப்பேன்னுட்டேன். வசனம் நடுவுல அந்தப் பக்கம் ஒரு பார்வை போயிடும். டைரக்டர் தலையில கை வெச்சுக்கிட்டாரு. இந்தப் பொண்ணு யாரைப் பார்க்குது, எவன் அங்க நிக்கறதுன்னு கத்தறாரு.

மாமா: அந்தக் கேமராக்காரர் நல்ல மனுஷன். இருங்க சார், இந்தப் பார்வையை விட்டுடாதீங்க, கோடி கொடுத்தாலும் கிடைக்காதுன்னாரு.

அம்மா: அதுதான் ஓரப்பார்வையாப் போச்சு. போஸ்டர்ல அது, சோப்பு விளம்பரத்துல அது. ஊர்ல இருக்கற பொண்ணுங்க எல்லாம் கண்ணாடி முன்னாடி நின்னு கழுத்தைச் சுளுக்கிக்கிட்டாங்க.

மகள்: ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். மறதிக்காரிக்கு அதுவே அழகாப் போச்சு.

மாமா: அப்படிச் சொல்லாதேம்மா.

அம்மா: சொல்லட்டும் விடுங்கண்ணே. அவ சொல்றதுல ஒண்ணு மட்டும் நிஜம். அந்தப் பார்வை என்னோடது இல்லை, உங்களோடது. வீடு கட்டினேன், இவளைப் படிக்க வெச்சேன், இன்னைக்கும் பஸ்ஸில ரெண்டு பேர் என்னைப் பத்திப் பேசறாங்க... எல்லாம் நீங்க அங்க நின்னதால. உங்க காது கேட்க ஒரு தடவைகூட இதை நான் சொல்லலை.

மாமா: எதுக்கு இப்போ இதெல்லாம். நாடகத்துக்கு முன்னாடி அழுதா மை ஓடிடும்.

அம்மா: ஓடட்டும். என் பக்கம் நின்னதுக்கு உங்களை ஊர் என்னவெல்லாம் பேசுச்சு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அண்ணிகிட்ட நான் நேர்ல போய் நின்னேன். அண்ணி என்ன சொன்னாங்க தெரியுமாடி? அவரு வீட்டுல நின்னா எனக்கு இடைஞ்சல், அங்கேயே நிக்கட்டும்னாங்க.

மாமா: இப்பவும் இருந்திருந்தா அதையேதான் சொல்லுவா.

மகள்: மணி அடிச்சுட்டாங்க. அம்மா, உடை மாத்திக்கோ. மாமா, நீங்க என்கூட வாங்க, வெளியே உட்காரலாம்.

*

மகள்: இப்படி உட்காருங்க மாமா. அம்மாவுக்குக் கேட்காது. உங்க கையில இருக்கற அந்த நாடகப் புத்தகத்தைக் கொஞ்சம் கொடுங்க.

மாமா: எதுக்கு?

மகள்: சும்மாதான்... மாமா, இதைத் தலைகீழா பிடிச்சிருக்கீங்க.

மாமா: அட்டை ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்மா.

மகள்: திறந்துதானே வெச்சிருந்தீங்க.

மாமா: இந்தா, நீயே வெச்சுக்கோ.

மகள்: மாமா, இது எத்தனை விரல்?

மாமா: நீ கையைத் தூக்கியிருக்கறதே நீ கேட்டப்புறம்தான் தெரியுது.

மகள்: ...எப்போலேர்ந்து?

மாமா: கொஞ்ச நாளா. வெளிச்சம் தெரியும், நிழல் தெரியும். எதிர்ல ஆள் வந்தா ஆள்னு தெரியும். எழுத்துதான் போயிடுச்சு. டாக்டர் இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாரு.

மகள்: அம்மா போன்ல கூப்பிட்டப்பவே ஏன் சொல்லலை?

மாமா: சொல்லியிருந்தா கூப்பிட்டிருக்க மாட்டாளே.

மகள்: மாமா, நீங்க நல்லவர்தான். ஆனா அம்மா உங்களை நம்பித்தான் அந்தக் கருவியை வேண்டாம்னுட்டா. நடுவுல நின்னா என்ன பண்ணுவீங்க?

மாமா: நிக்க மாட்டா.

மகள்: நின்னா?

மாமா: என் வேலையை நான் செய்வேன்.

மகள்: கண்ணு தெரியாம எப்படி?

மாமா: எப்பவும் செய்யற மாதிரிதான்.

மகள்: கம்பெனியில போட்ட நாடகம்தானே, அந்தக் கதவு சீன் உங்களுக்கு மனப்பாடமா?

மாமா: அங்கங்க ஞாபகம் இருக்கு.

மகள்: அங்கங்கயா... எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. நான் போய் அந்தக் கருவியை எடுத்துட்டு வரேன்.

மாமா: உட்காரும்மா. ஒண்ணு கேளு. உன் அத்தை ஆஸ்பத்திரியில கிடந்தப்போ உங்கம்மா ஷூட்டிங்கை நிறுத்திட்டு வந்தா. கட்டில் ஓரமா உட்கார்ந்து அவ காலை அமுக்கி விட்டா. நர்ஸுங்க கையெழுத்து கேட்டு வந்தாங்க. ஒரு கையால காலை அமுக்கிட்டே இன்னொரு கையால கையெழுத்து போட்டா. உன் அத்தை சிரிச்சா. அதுக்கப்புறம் அவ சிரிச்சு நான் பார்க்கலை. அந்தப் பாப்பாவை நான் மேடையில விட்டுடுவேனா?

மகள்: விட மாட்டீங்க, தெரியும். ஆனா மனசு மட்டும் போதுமா மாமா?

மாமா: போதும்னுதான் நினைக்கறேன். நீ எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணு. கண்ணு விஷயத்தை அவகிட்ட சொல்லிடாதே. மேடை ஏறற நேரத்துல மனசு கலங்கக் கூடாது. அப்புறம் என்னை வலது பக்கம் கொண்டு போய் விட்டுடு. இந்த மேடையில புதுசா எங்கெங்க படி கட்டியிருக்காங்களோ.

*

மகள்: அம்மா... மாமாவை வலது பக்கத் திரைக்குப் பின்னாடி ஸ்டூல் போட்டு உட்கார வெச்சுட்டேன்.

அம்மா: இங்கேர்ந்து தெரியலையே. முன்னாடி தள்ளி உட்காரச் சொல்லு.

மகள்: சொல்றேன். அதுக்கு முன்னாடி... சொல்லக் கூடாதுன்னாரு. சொல்லாம இருந்தா எனக்கு நெஞ்சு வெடிச்சிடும். அவருக்குக் கண்ணு தெரியலைம்மா. ஒரு எழுத்து படிக்க முடியாது. உன் முகத்தைக்கூட அவர் இன்னைக்குச் சரியா பார்க்கலை.

அம்மா: தெரியும்.

மகள்: தெரியுமா?

அம்மா: உள்ளே வரும்போதே நாற்காலியைத் தடவிட்டுத்தான் வந்தாரு. என்னைப் பார்த்துப் பேசும்போது என் காதைப் பார்த்துப் பேசினாரு. நடிக்கறவளுக்கு இது தெரியாதா?

மகள்: தெரிஞ்சுமா இப்படி நிக்கறே? இந்தா, இதைக் காதுல வை. கெஞ்சிக் கேட்கறேன்.

அம்மா: கையில நாடகப் புத்தகம் இருக்கா?

மகள்: இருக்கு. மாமாவோடது.

அம்மா: கதவு சீன்ல ஏதாவது ஒரு இடம் சொல்லு.

மகள்: இப்போ எதுக்கு...

அம்மா: சொல்லுடி. திரை தூக்கப் போறாங்க.

மகள்: ...நடுவுல 'மழை'ன்னு ஒண்ணு ஆரம்பிக்குது.

அம்மா: 'மழை விட்டுப் போச்சு. நான்தான் இன்னும் நனைஞ்சுக்கிட்டு நிக்கறேன். கதவைத் திறக்க வேண்டாம். கதவுக்கு அந்தப் பக்கம் நிக்கறியா, இல்லையா, அதை மட்டும் சொல்லு. நான் கோபிச்சுக்க வரலை. சாப்பிட்டியான்னு கேட்க வந்தேன்.' அடுத்த பக்கத்தையும் சொல்லவா?

மகள்: அம்மா...

அம்மா: இதுக்கு அடுத்த சீன்ல கிழவர் பேசறதைச் சொல்லவா? தட்டு தூக்கிட்டு வர்ற பொண்ணு வசனமும் தெரியும்.

மகள்: உனக்கு எல்லாமே ஞாபகம் இருக்கா?

அம்மா: ஒரு வரி மறந்ததில்லை. எந்த நாடகத்துலயும், எந்தப் படத்துலயும்.

மகள்: பிறகு எதுக்கு... அந்தப் பேரு, அந்தப் படம்...

அம்மா: மேடையில போய் நின்னு பார்த்திருக்கியா நீ? எதிர்ல ஒரே இருட்டு. அத்தனை பேர் உட்கார்ந்திருக்காங்க. இருமறாங்க, கிசுகிசுன்னு பேசறாங்க, ஒரு முகம் தெரியாது. முதல் நாள் எனக்கு மறதி வரலை. பயம் வந்துது. வலது பக்கம் திரும்பினேன். அங்க ஒரு முகம் தெரிஞ்சுது. அவர் வாயைத் திறக்கறதுக்குள்ள எனக்கு நாக்கு வந்துடுச்சு. அதுக்கப்புறம் அந்த முகம் இல்லாம என்னால முடியலை. கேமரா முன்னாடியும் அதே இருட்டுதானே. விளக்கு எல்லாம் என்மேல இருக்கும், எதிர்ல ஒருத்தரும் தெரிய மாட்டாங்க.

மகள்: பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாமேம்மா.

அம்மா: சொல்லியிருந்தா போய் வீட்டுல உட்காருன்னு அனுப்பியிருப்பாங்க. மறதின்னு சொன்னா பக்கத்துல ஆள் போட்டுக் கொடுப்பாங்க.

மகள்: அந்தப் படத்துக்காக நீ அழுதே.

அம்மா: அழுதேன். மனசு ஆறுறதுக்கு ரொம்ப நாளாச்சு. ஆனா அவர் இல்லாம அதை நடிச்சிருக்க முடியாது. ஒரு படத்தை இழந்தேன், மத்த எல்லாத்தையும் வெச்சுக்கிட்டேன். எனக்குக் குறை ஒண்ணும் இல்லை.

மகள்: மாமாவுக்கு இது தெரியுமா?

அம்மா: தெரியாது, நீயும் சொல்லக் கூடாது. வசனம் எடுத்துக் கொடுத்துத்தான் பாப்பாவை வாழ வெச்சோம்னு நினைச்சுக்கிட்டிருக்காரு. அந்த நினைப்புலதான் இந்த வயசுல பஸ் ஏறி வந்திருக்காரு. அவர் வாழ்நாள் வேலையை வேலையே இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வராது. போ, அவர் பக்கத்துல உட்காரு. திரை அசையுது.

*

மகள்: மாமா, வந்துட்டேன். இந்தாங்க, உங்க புத்தகம். கொஞ்சம் முன்னாடி தள்ளி உட்காருங்களேன். அம்மா சொன்னா.

மாமா: இது போதுமா?

மகள்: போதும். அம்மா வந்துட்டா. கதவுக்கு முன்னாடி நிக்கறா.

மாமா: காலடிச் சத்தம் கேட்குது. இன்னும் அப்படியேதான் நடக்கறா.

மகள்: இதோ பேசறா.

மாமா: உஷ்... குரலைக் கேளு. பால்கனியில கடைசி ஆளுக்குப் போய்ச் சேரும்.

மகள்: மாமா, கையைக் கொடுங்க. விளக்கு உங்க முகத்துல அடிக்குது. புத்தகத்து மேல பிடிங்க.

மாமா: விடும்மா, இருக்கட்டும்.

மகள்: உங்களுக்குத் தெரியலை மாமா. வெளிச்சம் முழுக்க உங்க மூஞ்சியிலதான் இருக்கு. யாராவது பார்த்தா...

மாமா: யாரும் பார்க்க வேண்டாம். பார்க்க வேண்டியவ பார்த்தா போதும்.

மகள்: ...என்ன மாமா சொல்றீங்க?

மாமா: கம்பெனியில ஒரு நாள் வேணும்னே தப்பு வரியை எடுத்துக் கொடுத்தேன். என் முகத்தைப் பார்த்தா, சரியான வரியைச் சொன்னா, எனக்கு நன்றி சொல்ற மாதிரி ஒரு தலையாட்டு வேற. நான் சிரிப்பை அடக்க முடியாம படுதாவைக் கடிச்சுக்கிட்டேன்.

மகள்: அப்போ... உங்களுக்கு எல்லாம்...

மாமா: மறதிக்கு ஆள் வெச்சிருக்கேன்னா கௌரவம். பயத்துக்கு ஆள் வெச்சிருக்கேன்னு யார்கிட்ட சொல்லுவா? எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா கூசிப் போவா. அவகிட்ட சொல்லிடாதே.

மகள்: முதலாளிகிட்ட அத்தனை திட்டு வாங்கினீங்களே. கை வலிக்குது, விளக்கு சாயுதுன்னு...

மாமா: கை என்னைக்கும் வலிச்சதில்லைம்மா.

மகள்: மாமா... நின்னுட்டா. பேச்சையே காணோம். அம்மா பேசலை மாமா.

மாமா: பயப்படாதே. மழை வரிக்கு முன்னாடி அங்கதான் எப்பவும் நிப்பா. நீ அழாம எனக்கு ஒண்ணு மட்டும் பார்த்துச் சொல்லு. கண்ணு போனதுலேர்ந்து எனக்குக் குறி தெரியலை. விளக்கு என் மூஞ்சியில சரியா விழுதா? இப்போ திரும்புவா.